பிள்ளைப்பெத்த வீட்டுச் சுறா

கொடிகாமம் தொடக்கம் சாவகச்சேரி வரைக்கும் நல்லம்மாவை யாரும் வெறும் நல்லம்மா என்று சொல்வதில்லை. சுறா நல்லம்மா என்றுதான் சொல்வார்கள். சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். பஸ்ஸில் முன்னால் இருக்கிற மனுசி திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவளின் காதுக்குள், "உவதான் சுறா நல்லம்மா" என்று சொல்வதை அவளே கேட்டிருக்கிறாள். வேறு ஆளாக இருந்தால் இந்தப் புகழுக்குப் பூரித்துப் போயிருப்பாள். நல்லம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த உலகத்தில் அவள் அடியோடு அருவருக்கிற பொருள் ஒன்று உண்டென்றால் அது சுறாதான்.

அவளுடைய தொழில் பிள்ளைப்பெத்த வீடுகளில் போய் நிற்பது. தாய்க்கு மூலிகை போட்டுக் கொதிக்க வைத்த வேதுத் தண்ணீர் வார்ப்பது, பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுவது, பத்தியச் சாப்பாடு சமைப்பது, முப்பத்தொன்றாம் நாள் கழிந்து துடக்கு நீங்கியதும் ஒரு சேலையோடு வீடு திரும்புவது. இதில் வேறெந்த வேலைக்கும் அவள் முகம் சுளித்ததில்லை. பிள்ளையின் பீத்துணி அலசும்போது வாய்க்குள் ஏதாவது பாட்டு முணுமுணுப்பாள். ஆனால் பத்தியச் சாப்பாடு என்றால் இந்த ஊரில் முதலில் சுறா. அதுவும் கண்ட கண்ட சுறா இல்லை, பால்சுறா. முழங்கை நீளம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம், அவ்வளவில் நின்றுவிடுகிற சின்னச் சாதி. அதைத் தின்றால் தாய்க்குப் பால் ஊறும் என்பதில் இங்கே ஒருவருக்கும் சந்தேகமில்லை. பெயரிலேயே பால் இருக்கிறது, பிறகென்ன?

மற்ற மீன்கள் செத்த பிறகுதான் நாறும். சுறா உயிரோடு திரியும்போதே அதற்கு ஆயத்தம் செய்துகொண்டு திரிகிறது என்பது நல்லம்மாவின் எண்ணம். பள்ளிக்கூடத்து மூத்திரக் கூடத்தை நீண்ட விடுமுறைக்குப் பூட்டி வைத்துத் திறந்தால் ஒரு நெடி வரும், அதுதான் சுறாவின் நெடி. அதற்குத் தோலும் இல்லை, செதிலும் இல்லை, மரம் தேய்க்கிற மண் கடதாசி. கொதிதண்ணீரை ஊற்றிச் சுரண்டினால் அந்த மண் விரல் நகங்களுக்குள் போய்க் குந்திக்கொள்ளும். பிறகு அவித்து, எலும்பு என்று பெயர் பண்ணிக்கொண்டு கிடக்கும் அந்த நெகிழ்ந்த தண்டை உருவி எடுத்து, சதையைப் பிழிந்து உதிர்த்து, உள்ளிப்பூண்டும் மிளகும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை வறுக்க வேண்டும். வறுத்த பிறகு நல்ல வாசம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உள்ளியின் வாசத்தைச் சுறாவின் கணக்கில் எழுதுகிற கூட்டம் என்று அவள் மனதுக்குள் வைவாள்.

வீட்டில் புருஷன் சோமசேகரம் இருந்தார். மேசன் வேலைக்குப் போய் முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்தவர் பிறகு எழும்பவே இல்லை. முதுகு சுகமான பிறகும் எழும்பவில்லை. அவள் பிள்ளைப்பெத்த வீட்டிலிருந்து வந்தால் வாசல் படலைக்குள் காலை வைக்க முதலே மூக்கைப் பொத்துவார். "கிணத்தடிக்குப் போ, கிணத்தடிக்குப் போ" என்று கையால் விரட்டுவார். அதே மனுசன், அவள் கோப்பையில் மூடிக்கொண்டு வந்த சுறா வறையைக் கள்ளோடு வழித்து நக்குவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எது கூட அருவருப்பு, மீனா மனுசனா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியாது.

அவளும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தான். தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு ஓடிவந்தபோது வயிற்றுப் பிள்ளையோடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து நடந்து வந்தாள். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மகள் பிறந்தாள். சுறா எங்கே, சீனியே கிடையாது. கஞ்சியும் முருங்கையிலையும் தின்றாள், வாளித் தண்ணீரைக் குடித்தாள், பால் பெருகி மேல்சட்டையை நனைத்தது. பக்கத்து மூலையில் பெற்றவளின் புருஷன் எங்கிருந்தோ ஒரு சுறாவைக் கொண்டுவந்து தர, அதை வறுத்துக் கொடுத்தவள் நல்லம்மா. அந்தப் பிள்ளை கொழுத்துப் போனது. அவ்வளவுதான், கைராசி என்று கதை பரவிவிட்டது. தன்னுடைய பிள்ளை கஞ்சியில் கொழுத்ததை யாரும் கவனிக்கவில்லை, அவளும் எடுத்துச் சொல்லவில்லை. கூப்பிட்டார்கள், போனாள். இடம்பெயர்ந்தவளுக்கு அந்த ஊரிலேயே பிழைப்புக் கிடைத்தது. போன வருடம் வரைக்கும் அப்படித்தான் போனது.

போன வருடம் மாசியில் மட்டுவிலிலிருந்து ஆள் வந்தது. வயலும் தோட்டமும் உள்ள வீடு. வீட்டுக்காரி பத்மாசினி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு முன் விறாந்தையில் கதிரை போட்டிருந்து அதிகாரம் பண்ணுகிறவள். மகன் சிவதர்ஷன் சாவகச்சேரியில் ஒரு வங்கியில் வேலை. வீட்டுக்கு வந்தால் கைபேசியோடு அறைக்குள் போய்விடுவான். மருமகள் பிரசாந்தி திருநெல்வேலிப் பெண். முதல் பிள்ளைப்பேற்றைத் தாய்வீட்டில்தான் பார்ப்பார்கள். அவளுக்குத் தாய் முந்தின வருடம் செத்துப்போனாள். தகப்பனுக்குச் சுடுதண்ணீர் வைக்கவும் தெரியாது. ஆகவே மாமி பார்த்தாள். பார்த்த விதத்தைத்தான் நல்லம்மா போய்க் கண்டாள்.

பிள்ளை ஆண்பிள்ளை. பிறந்த நிறையிலிருந்து கூடாமல் குறைந்துகொண்டு போனது. அழக்கூடத் தெம்பில்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது. வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்த மருத்துவமாது, "அடுத்த முறை வரேக்கை நிறை கூடியிருக்க வேணும். இல்லாட்டி ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பாக்க வேண்டி வரும்" என்று பிரசாந்தியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதைச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெண் ஒழுங்காகத் தூங்கவில்லை.

"பால் காணாது" என்றாள் பத்மாசினி, நல்லம்மாவைக் கண்டதும். "இந்தக் காலத்துப் பெட்டையளுக்குப் பால் எங்கை வாறது? மூண்டு நேரமும் சுறா குடும். உம்மடை கைராசியைத்தான் நம்பியிருக்கிறன்."

"தண்ணி கிண்ணி நல்லாக் குடிக்கிறாவோ அக்கா?"

"தண்ணி குடிச்சா வயிறு வைச்சுப் போடும். காலமை கோப்பி ஒரு பேணி, பின்னேரம் ஒரு பேணி. அது காணும்."

நல்லம்மாவுக்கு ஏச்சு வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டாள். வந்த அன்றைக்கே சண்டை பிடிக்கிறவளை எந்த வீட்டிலும் வைத்திருக்க மாட்டார்கள்.

மீன் கொண்டு வருகிறவன் மார்க்கண்டு. வடமராட்சிக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருவான். முதல் நாள் கொண்டுவந்ததற்கு உடம்பில் மங்கலாக வரி இருந்தது. அடுத்த நாள் வந்தது தட்டை மூக்குக்காரன், வெள்ளைப் புள்ளிகளோடு. மூன்றாவது தரம் வந்ததற்குத் தலையே இல்லை. நல்லம்மா அதை வாலில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"மார்க்கண்டு, உது என்ன?"

"பால்சுறா, அக்கா."

"முந்தநாள் தந்தது?"

"அதுவும் பால்சுறாதான்."

"அதுக்கு வரி, நேத்தையானுக்குப் புள்ளி, உதுக்குத் தலையில்லை. உது திருக்கைச் சாதி உழுவை மாதிரிக் கிடக்கு. உழுவையின்ரை தலையை வெட்டிப்போட்டுச் சுறா எண்டு தாறியோ?"

மார்க்கண்டு விறாந்தைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அக்கா, கரையிலை உதுகளுக்கு ஆளுக்கொரு பேர். நாங்கள் ஒண்டு சொல்லுவம், அடுத்த கரையிலை வேறை சொல்லுவினம். பிள்ளைப்பெத்த வீட்டுப் படலையைத் தாண்டினா எல்லாத்துக்கும் ஒரே பேர்தான். இவை கேக்கிறது மீனையில்லை, பாலை. நான் என்ன செய்ய?"

வெட்கம் கெட்டவன் என்று அவளுக்குச் சினம் வந்தது. ஆனால் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை. போன வாரம் சாராயம் குடிக்கிற வீட்டில் அதே வரிச்சுறாவை அவன் "கடிக்கு நல்ல சாமான்" என்று விற்றதை அவளே கண்டவள். பத்மாசினி பெட்டிக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "பால்சுறாவோ?" என்று கதிரையில் இருந்தபடி கேட்பாள். "ஓம் அம்மா" என்பான் அவன். ஒரு சொல்லைக் கேட்டு ஒரு சொல்லை வாங்கிக்கொள்கிறார்கள், நாற்றம் மட்டும் எனக்கு என்று நல்லம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவாள்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று சொல்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை நடந்தது வேறு. மார்க்கண்டு அன்றைக்கு உண்மையிலேயே பால்சுறா கொண்டுவந்திருந்தான். கூர் மூக்கும் பெரிய கண்ணுமாக, சாம்பல் நிறத்தில், வயிறு புடைத்த ஒன்று. பத்மாசினி வெள்ளியில் மீன் மச்சம் தொடமாட்டாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிக்குசினி வாசலில் நின்றாள், மேற்பார்வைக்கு. நல்லம்மா வயிற்றைக் கீறினாள். உள்ளே குட்டிகள் இருந்தன. மற்ற மீனைப் போல முட்டைச் சினை இல்லை. முழு உருவம் பிடித்த குட்டிகள், கண்ணும் வாலும் செட்டையும் எல்லாம் சரியாக, ஒவ்வொன்றும் தாயோடு ஒரு கொடியால் தொடுத்தபடி. தொப்புள்கொடி தவிர வேறென்ன பெயர் சொல்ல.

இது நல்லம்மா காணாத காட்சி அல்ல. பால்சுறா நம்மைப் போலப் பெறுகிற சாதி என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்துபோனது. அன்றிலிருந்துதான் அவள் சுறாவை வாயில் வைப்பதில்லை. குட்டியைக் கண்டால் யாருக்கும் சொல்லாமல் வாழைக்குக் கீழே தாட்டுவிட்டு வருவாள். அன்றைக்கு மறைக்க நேரம் கிடைக்கவில்லை.

"சினைச்சுறாவோ?" பத்மாசினியின் முகம் மலர்ந்தது. "அது இன்னும் விசேசம். குட்டியளையும் சேத்துப் போடும், பால் இரட்டிப்பாய் வரும். எறிஞ்சு போடாதையும்."

"அக்கா, உதைப் பிள்ளைப்பெத்தவளுக்கு என்னெண்டு குடுக்கிறது?"

"பிள்ளைப்பெத்தவளுக்குத்தானே குடுக்க வேணும். எனக்கோ குடுக்கப் போறீர்?"

பின்னால் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது. பிரசாந்தி, சுடுதண்ணீர் எடுக்கவென்று வந்தவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பார்வை சட்டிக்குள் இருந்தது. கொடியோடு கிடந்த குட்டிகளின் கண்களைப் பார்த்தாள், தன்னுடைய வயிற்றில் கையை வைத்தாள், அப்படியே முற்றத்தில் குந்தி ஓங்காளித்தாள். வெறும் வயிறு; வந்தது மஞ்சள் தண்ணீர் மட்டும்தான். பத்மாசினி அதைப் பார்த்து, "பித்தம்" என்றாள்.

பத்மாசினி விறாந்தைக்குப் போனதும் நல்லம்மா குட்டிகளைத் தாட்டுவிட்டு, வறையில் போட்டதாகச் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது வறுத்தாலும் பிரசாந்திக்கு அந்தக் குட்டிகளாகத்தான் இருந்தது. கோப்பை வெறுமையாகத்தான் திரும்பி வந்தது, அதனால் முதலில் நல்லம்மா கவனிக்கவில்லை. இரண்டொரு நாளில் அறைக்குள் ஒரு வெடில் அடிக்கத் தொடங்கியது. பிள்ளையின் துணிக்கூடையைக் கிளறினாள். அடியில் பொலித்தீன் பை. அவிழ்த்ததும் கண் எரிந்து மூக்காலும் ஓடியது. அவள் மினக்கெட்டு வறுத்த வறை முழுவதும் ஊளைத்துப் போய் அதற்குள் கிடந்தது, பச்சைப்பிள்ளையின் துணிக்கு நடுவில்.

"என்ன அரியண்டம் பிள்ளை இது? பூச்சி பிடிச்சா பிள்ளைக்கு என்ன நடக்கும்?"

பிரசாந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். "என்னாலை ஏலாது அக்கா. வாயிலை வைச்சா அந்தக் கண்ணுகள் தெரியுது. வேண்டாமெண்டா மாமி பேசுவா. ஆஸ்பத்திரியிலை பிள்ளையை மறிச்சு வைச்சா, வளக்கத் தெரியாதவள் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவா. எனக்கு ஆர் இருக்கினம்?"

"அப்ப நீ என்னத்தைத் திண்டனி இவ்வளவு நாளும்?"

"வெறுஞ்சோறு ரெண்டு வாய்."

சோறு ரெண்டு வாய், கோப்பி ரெண்டு பேணி. இதில் பால் எங்கேயிருந்து வரும், ஆகாயத்திலிருந்தா? நல்லம்மாவுக்கு அந்த வீட்டின் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. நேரே விறாந்தைக்குப் போனாள். முடிந்தவரைக்கும் பணிவாகத்தான் கதைத்தாள்.

"அக்கா, சுறா மருமகளுக்கு ஒத்துவரேல்லைப் போலை. பருப்பும் முட்டையும் குடுத்துப் பாப்பம், தண்ணியும் குடிக்கட்டும்."

பத்மாசினி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சுறா வேண்டாமெண்டால் நீர் எதுக்கு நல்லம்மா? முட்டை அவிக்க எனக்கும் தெரியும்."

நல்லம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். சுறாவை நம்பாத சுறாக்காரியை வேறு எந்த வீடும் கூப்பிடாது. அதுகூடப் பரவாயில்லை. அவள் போய்விட்டால் அறைக்குள் அந்தப் பெண்ணும் பிள்ளையும் மட்டும்தான். நின்ற நிலையிலேயே அவள் ஊர் உலகத்தில் இல்லாத ஒரு முறையை உண்டாக்கினாள்.

"அப்ப ஒண்டு செய்ய வேணும் அக்கா. பால்சுறா தின்னேக்கை ஒருத்தரும் பாக்கப்படாது. பாத்தா நாவூறு பிடிச்சுப் பால் வத்திப்போம். உவ திண்ட சுறா அதாலைதான் பலனில்லாமல் போகுது. கதவைச் சாத்திப்போட்டு நான் மட்டும் நிண்டு குடுக்கிறன்."

பத்மாசினி முறை என்றால் மடங்குகிற மனுசி. "அதை முதலிலையே சொல்லியிருக்கலாமே" என்று கோபித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் நல்லம்மா இரண்டு கோப்பைகளோடு அறைக்குள் போனாள். ஒன்றில் பிரசாந்தியின் சுறா வறை. மற்றது தன்னுடைய சாப்பாடு: வேலைக்காரிக்கென்று போடுகிற குத்தரிசிச் சோறும் பருப்பும் கீரையும் ஒரு அவித்த முட்டையும். மடிக்குள் ஒரு போத்தல் தண்ணீர். கதவைச் சாத்தினாள். தன்னுடைய கோப்பையைப் பிரசாந்தியின் மடியில் வைத்தாள். சுறாக் கோப்பையைத் தான் எடுத்துக்கொண்டு நிலத்தில் குந்தினாள். வெளியே எறியலாம் என்றால் வீட்டு நாய் கிண்டி இழுத்துவந்து விறாந்தையிலேயே போடும். யன்னலைத் திறந்தால் நேரே பத்மாசினியின் கதிரை. அந்த வெடிலை ஒளித்துவைக்க அந்த வீட்டில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அது அவளுடைய வயிறு.

முதல் வாயை மெல்லாமல் விழுங்கப் பார்த்தாள். தொண்டையில் நின்று திரும்பி வந்தது. மறுபடி உள்ளே தள்ளினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது, காது அடைத்தது. சுறாவின் சதை பஞ்சு மாதிரி வாய்க்குள் ஊறிப் பெருகும். மென்றாலும் குறையாது, விட்டாலும் போகாது. பிரசாந்தி சோற்றைப் பிசைந்தபடி அவளையே பார்த்தாள்.

"என்னைப் பாராதை. நீ தின்" என்றாள் நல்லம்மா, வாய் நிறையச் சுறாவோடு.

அப்படியே மூன்று நேரமும், ஒவ்வொரு நாளும். வரிச்சுறா, புள்ளிச்சுறா, தலையில்லாத உழுவை, மார்க்கண்டு பால்சுறா என்று சொல்லிக் கொண்டுவந்த எல்லாவற்றையும் நல்லம்மா தின்று முடித்தாள். ஏப்பம் விட்டால் மூத்திர நெடி வந்தது. வியர்வை நாறியது. சேலை மாற்றிவர வீட்டுக்குப் போனபோது சோமசேகரம் இந்த முறை கிணற்றடிக்குக்கூட விடவில்லை, படலைக்கு வெளியே நிற்கச் சொன்னார். அவள் அப்படியே மட்டுவிலுக்குத் திரும்பி வந்தாள். உள்ளே பிரசாந்தி பருப்பும் முட்டையும் தின்று, போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தாள். பிள்ளையை மணிக்கு ஒருதரம் நெஞ்சில் போட்டாள். முதலில் அவளுக்கு மேல்சட்டை நனைந்தது. பிறகு பிள்ளைக்குக் குரல் வந்தது. பிறகு வீடே அதிர அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நல்லம்மா தனியாகச் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

மருத்துவமாது வந்து நிறுத்தாள். முள் ஏறியது. "நல்லாத் தேறியிருக்கிறார்" என்று பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். பிரசாந்தி வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பத்மாசினி கதிரையிலிருந்து எழும்பியே வந்துவிட்டாள்.

"பாத்தீரோ? பால்சுறா. நான் சொன்னனான்தானே."

முப்பத்தொன்றுக்கு வந்த சனம் எல்லோருக்கும் அவள் அதைச் சொன்னாள். மார்க்கண்டுவுக்கு அந்த ஒழுங்கையில் மட்டும் மூன்று புது வீடுகள் கிடைத்தன. புறப்படும்போது பிரசாந்தி நல்லம்மாவைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் எனக்கு அம்மா மாதிரி அக்கா" என்றாள். நல்லம்மா அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்றுதான் காட்டிக்கொண்டாள். பஸ்ஸில் கொடிகாமம் வரும்வரைக்கும் அந்தச் சொல்லைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

இந்த வருடம் தை முடிய மறுபடி மட்டுவிலிலிருந்து ஆள் வந்தது. பத்மாசினியின் மகள் தனுஷிகா தாய்வீட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். பெண்பிள்ளை. நல்லம்மா சந்தோசமாகவே போனாள். அந்த வீட்டுக்குள் விசயம் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியம். கண் காட்டினால் போதும், இரண்டு பேருமாகச் சமாளித்துவிடலாம்.

பிரசாந்தி ஆள் மாறியிருந்தாள். சதை பிடித்து, முகம் தெளிந்து, விறாந்தையில் மாமிக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையில் இருந்தாள். மாமியும் மருமகளும் ஒரே குரலில் கதைத்தார்கள். மார்க்கண்டுவின் பெட்டி வந்ததும், "பால்சுறாவோ?" என்று கேட்டது மாமி அல்ல, மருமகள்.

நல்லம்மா எதையும் யோசிக்காமல் வறையை வறுத்தாள். சுறாக் கோப்பையையும் தன்னுடைய சோற்றுக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு தனுஷிகாவின் அறைக்குப் போனாள். நெடி மூக்கில் பட்டதும் தனுஷிகா தலையைத் திருப்பிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. "எனக்கு உது வேண்டாம் அக்கா, சத்தி வருது" என்றாள் மெதுவாக.

"பயப்பிடாதை பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே நல்லம்மா கதவைச் சாத்தப் போனாள். வெளியேயிருந்து ஒரு கை கதவை மறித்தது. பிரசாந்தி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"திறந்து விடுங்கோ அக்கா. அவ சாப்பிடுறதை நான் பாக்க வேணும்."

"பாக்கப்படாது எண்டு உனக்குத் தெரியும்தானே, பிள்ளை" என்றாள் நல்லம்மா, கண்ணால் ஜாடை காட்டி.

"உதெல்லாம் சும்மா கதை அக்கா. மாமிக்கும் சொல்லிப்போட்டன்." பிரசாந்தி உள்ளே வந்து கட்டில் விளிம்பில் இருந்தாள். சுறாக் கோப்பையை எடுத்துத் தனுஷிகாவின் கையில் வைத்தாள். "தின்னும் மச்சாள். மூக்கைப் பொத்திக்கொண்டு தின்னும். நான் திண்டனான்தானே."

நாற்றம் கோப்பையிலிருந்து வரவில்லை என்று நல்லம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"ஆர் திண்டது?" என்றாள். "பிள்ளை தனுஷிகா, கேள். உவ ஒரு துண்டும் தின்னேல்லை. அவ்வளவத்தையும் நான்தான் திண்டனான். இந்த அறைக்குள்ளை, இந்த நிலத்திலை இருந்து. உவ திண்டது என்ரை சோறும் பருப்பும். உவவுக்குப் பால் வந்தது தண்ணியிலை."

சத்தம் கேட்டுப் பத்மாசினி வாசலுக்கு வந்தாள். மூன்று பேரும் பிரசாந்தியைப் பார்த்தார்கள். பிரசாந்தி நல்லம்மாவைப் பார்த்தாள். கோபமில்லை, பயமில்லை. வயது போனவர்களைப் பார்த்து இரங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"நல்லம்மாக்காவுக்கு எத்தனை வீடு, எத்தனை பிள்ளையள். ஆரோ ஒருத்தியின்ரையை என்ரை எண்டு நினைக்கிறா" என்றாள். "நான் திண்டனான், மச்சாள். அழுதழுது திண்டனான். திண்டபடியால்தான் இவன் இப்பிடி."

இடுப்பில் இருந்த பையன் மடிப்பு மடிப்பான கையை நீட்டிக் கோப்பையை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். தனுஷிகா நல்லம்மாவைப் பார்த்தாள். பிறகு பையனுடைய கொழுத்த கன்னத்தையும், தொடையையும், மணிக்கட்டில் இறுகிக் கிடந்த கறுப்பு நூலையும் வடிவாகப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு முதல் வாயை வைத்தாள்.